யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு அறிவியல்: ஒரு தொட்டித் தண்ணீரும் ஒரு பிடி பயறும்

கேள்வி இதுதான்: யு.கே.ஜி. வகுப்பில் 24 பிள்ளைகள். இ.வி.எஸ். (சுற்றுச்சூழல் பாடம்) புத்தகத்தில் படத்தைக் காட்டிப் பெயர் சொல்ல வைப்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. சமையல் சோடாவில் வினிகர் ஊற்றி எரிமலை செய்து காட்டியபோது எல்லாரும் கை தட்டினார்கள். மறுநாள் கேட்டால் "பொங்குச்சு மிஸ்" என்பதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வயதில் அறிவியல் சொல்லித்தர முடியுமா? முடியும் என்றால் எப்படி?

முடியும். எரிமலையில் பிள்ளைகள் தடுமாறியதற்குக் காரணம் அந்தச் சோதனையேதான். நுரையைப் பொங்க வைக்கும் கார்பன் டை ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைப் பொடியில் தண்ணீர் மாதிரி ஒன்றை ஊற்றினால் என்ன ஆகும் என்று ஊகிக்க ஐந்து வயதுப் பிள்ளையிடம் எந்த அனுபவமும் இல்லை. மேலும் ஊற்றுவது டீச்சர், பார்ப்பதுதான் பிள்ளை. இந்த வயதுக்கு, பிள்ளையே கையால் செய்து, செய்யும் முன் "இப்படித்தான் ஆகும்" என்று துணிந்து சொல்லி, ஒன்றை மாற்றினால் நடப்பதும் மாறுவதைக் கண்ணால் பார்க்கிற மாதிரி ஏதாவது வேண்டும். ஒரு தொட்டித் தண்ணீரும் ஒரு பிடி பயறும் இருந்தால் ஒரு பருவம் முழுக்க ஓட்டலாம்.

தண்ணீரில் தொடங்குங்கள். ஆறு பிள்ளைகளுக்கு ஒரு தொட்டி. எவர்சில்வர் பாத்திரம் வேண்டாம். பக்கவாட்டில் பார்த்தால்தான் பொருள் அடியில் கிடக்கிறதா, மேலே நிற்கிறதா, பாதி அமுங்கியிருக்கிறதா என்று தெரியும். எட்டு, பத்து லிட்டர் பிடிக்கும், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டப்பா போதும். அரைச் சாண் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, தரையில் சாக்கு விரித்து அதன்மேல் வையுங்கள். பெஞ்சில் வைத்தால் குட்டையான பிள்ளை எக்கிப் பார்த்தே களைத்துவிடும். பாலிதீன் விரிப்பு நனைந்தால் வழுக்கும். 24 பேரையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்காதீர்கள். ஆறு பேர் உங்களோடு, மீதிப்பேர் ஆயாம்மாவோடு படம் வரையட்டும். ஒரு குழுவுக்குப் பதினைந்து நிமிடம் என்று வைத்து, இரண்டு நாளில் எல்லாக் குழுவையும் முடிக்கலாம்.

பொருட்களைச் சமையலறையிலும் தெருவிலும் எடுங்கள்: கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, புளியங்கொட்டை, கூழாங்கல், காய்ந்த வேப்பங்குச்சி, எவர்சில்வர் ஸ்பூன், அதே எவர்சில்வரில் ஒரு சின்னக் கிண்ணம், சாத்துக்குடி. எல்லாவற்றையும் முந்தின நாளே தனியாகப் போட்டுப் பாருங்கள். பூச்சி அரித்த புளியங்கொட்டை மிதந்துவிடும். கடுகு மாதிரிச் சின்னப் பொருள் வேண்டவே வேண்டாம்; தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையே அதைத் தாங்கிக்கொள்ளும், சில கடுகு மேலே நிற்கும், சில இறங்கிவிடும், பிள்ளைகள் குழம்புவார்கள். காகிதமும் பஞ்சும் முதலில் மிதந்து, ஊறியதும் அமுங்கும். அவற்றை முதல் நாள் விட்டுவிட்டு, பிள்ளைகள் பழகிய பிறகு தனி நாளாக வையுங்கள்.

இப்போது முக்கியமான இடம். போடுவதற்கு முன் ஊகம் கேட்க வேண்டும். வாயால் கேட்டால், முதலில் சத்தமாகச் சொல்கிற பிள்ளையின் பதிலைத்தான் மீதி ஐந்து பேரும் சொல்வார்கள். அதனால் ஒரு நீலத் துணியும் ஒரு மஞ்சள் துணியும் விரித்து, "மிதக்கும்னு நினைச்சா நீலத்துல வை, மூழ்கும்னு நினைச்சா மஞ்சள்ல வை, பேசக்கூடாது" என்று சொல்லி ஆளுக்கு ஒரு பொருள் கொடுங்கள். பிள்ளை பொருளைக் கையில் எடை பார்ப்பதையும், நீலத்தில் வைத்துவிட்டு மனம் மாறி மஞ்சளுக்கு நகர்த்துவதையும் கவனித்துப் பாருங்கள். அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது. பிறகு ஒவ்வொருவராகத் தண்ணீரில் விடட்டும். எறியக்கூடாது, கையை நனைத்து மெதுவாக விட வேண்டும். ஊகம் தப்பாகிப்போனால் "தப்பு" என்று சொல்லாதீர்கள், "சரி"யும் வேண்டாம். "என்ன பார்த்த?" என்று மட்டும் கேளுங்கள்.

முதல் நாள் முடிவில் அநேகமாக எல்லாப் பிள்ளையும் ஒரே விதிக்கு வந்திருக்கும்: "கனமா இருந்தா மூழ்கிடும்." இது நல்ல விதி. கையில் இருந்த சாட்சியங்களை வைத்துப் பிள்ளை தானாகக் கட்டிய விதி. அன்றைக்கு அதைத் திருத்தாதீர்கள். அடுத்த வாரம் மட்டையோடு ஒரு முழுத் தேங்காயும் பெரிய பக்கெட்டும் கொண்டுவாருங்கள். தேங்காயை ஒரு பிள்ளை தூக்கி வரட்டும். வயிற்றோடு அணைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு வரும். பக்கெட்டில் விட்டதும் தேங்காய் ஒரு முறை அமுங்கி, சட்டையில் தண்ணீரைத் தெளித்துவிட்டு, மேலே வந்து ஆடிக்கொண்டு நிற்கும். அதே பக்கெட்டில் ஒரே ஒரு புளியங்கொட்டையைப் போடச் சொல்லுங்கள். நேராக அடிக்குப் போய்விடும். அந்தக் கணத்தில் வகுப்பு சட்டென்று அமைதியாகும். நீங்களும் பேசாமல் இருங்கள். அடுத்து வரும் பேச்சு பிள்ளைகளுடையதாக இருக்கட்டும்.

உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது: ஒரு பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்க முடிந்தால் மிதக்கும், முழுக்க அமுங்கியும் அவ்வளவு விலக்க முடியாவிட்டால் மூழ்கும். தேங்காய் மட்டையின் நாருக்குள் காற்று நிறைய இருக்கிறது. அதனால் அது பருத்திருக்கும் அளவுக்கு எடை இல்லை. பிள்ளைகளிடம் "அடர்த்தி" என்ற சொல்லை எடுக்க வேண்டாம். சொன்னால் அவர்கள் அதைத் திருப்பிச் சொல்வார்கள், நீங்களும் புரிந்துவிட்டது என்று நினைத்துவிடுவீர்கள்.

சாத்துக்குடியை இந்தக் கட்டத்தில் எடுங்கள். தோலோடு மிதக்கும், உரித்துப் போட்டால் மூழ்கும். தோலை எடுத்ததும் எடை குறையத்தானே செய்தது, பிறகு ஏன் மூழ்கியது என்று பெரியவர்களே யோசிப்பார்கள். தோலின் பஞ்சுப் பகுதியில் இருக்கும் காற்றுதான் மிதக்க வைத்தது. உரிக்கும்போது வெள்ளைத் தோலையும் நன்றாக எடுத்துவிட வேண்டும். அது ஒட்டிக்கொண்டிருந்தால் பழம் மிதந்துகொண்டே இருக்கும். கமலா ஆரஞ்சு இதற்குச் சரிவராது: நடுவே காலியிடம் இருப்பதால் உரித்த பிறகும் சில பழங்கள் மிதந்துவிடும்.

மூன்றாம் வாரம் வடிவம். எவர்சில்வர் ஸ்பூன் மூழ்கும், எவர்சில்வர் கிண்ணம் மிதக்கும். இதைப் பார்த்த கையோடு ஆளுக்கு 50 கிராம் விளையாட்டுக் களிமண் கொடுங்கள். எண்ணெய்ப் பசை உள்ள, தண்ணீரில் கரையாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். குயவர் மண் கரைந்து தொட்டியே கலங்கிவிடும். உருண்டையாகப் போட்டால் மூழ்கும். "இதையே மிதக்க வைக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். முதலில் எல்லாரும் தட்டையாகத் தட்டுவார்கள், சப்பாத்தி மாதிரி. அது மூழ்கும். ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும் என்பது சிலருக்குத் தானாகத் தோன்றும், மற்றவர்கள் எட்டிப் பார்த்துச் செய்வார்கள். அந்த எட்டிப் பார்த்தலைத் தடுக்காதீர்கள். இரண்டு விரல் உயரத்துக்கு ஓரம் எழுந்தால் படகு நிற்கும். யார் படகு எத்தனை புளியங்கொட்டை தாங்குகிறது என்று எண்ணினால் கணக்குப் பாடமும் சேர்ந்துவிடும். களிமண்ணுக்குப் பதில் அலுமினியத் தாளில் செய்யலாம் என்று பல இடங்களில் சொல்வார்கள். படகு நன்றாக வரும். ஆனால் அதையே கசக்கி உருண்டையாக்கினால் மடிப்புகளுக்குள் காற்று மாட்டி உருண்டையும் மிதந்துவிடும். சுத்தியலால் தட்டினால்தான் மூழ்கும்.

அதே தொட்டிப் பக்கத்தில் அகலமான கிண்ணத்துத் தண்ணீரை உயரமான டம்ளரில் ஊற்றினால், "இப்ப தண்ணி கூடிடுச்சு" என்று பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் பியாஜே இதை விரிவாக ஆராய்ந்தவர். ஏறக்குறைய ஏழு வயது வரை குழந்தைகள் உயரத்தைப் பார்த்தே அளவைத் தீர்மானிக்கிறார்கள் என்று கண்டார். விளக்கம் சொல்லி இதை மாற்ற முடியாது, முயலவும் வேண்டாம். ஊற்றி ஊற்றி விளையாட விடுங்கள். அந்த அனுபவம் உள்ளே சேரட்டும்.

இனி பயறு. திங்கட்கிழமை காலையில் தொடங்குங்கள். வியாழன், வெள்ளியில் தொடங்கினால் சனி, ஞாயிறில் யாரும் தண்ணீர் தெளிக்க மாட்டார்கள், திங்கட்கிழமை வந்து பார்த்தால் காய்ந்து கிடக்கும். வீட்டுப் பச்சைப் பயறையே எடுங்கள். விதைக் கடையில் வாங்கும் விதைக்குப் பூஞ்சைக் கொல்லி பூசியிருக்கும். நிறம் ஏறியிருந்தால் பிள்ளைகள் கையில் தரவே கூடாது.

மூன்று டம்ளர், ஒவ்வொன்றிலும் பத்துப் பயறு. முதல் டம்ளரில் பயறு அப்படியே காய்ந்து கிடக்கட்டும். இரண்டாவதில் எட்டு மணி நேரம் ஊறிய பயறை ஈரத் துணியில் வையுங்கள். துணியைப் பிழிந்தால் சொட்டக்கூடாது, தொட்டால் குளிர வேண்டும், அவ்வளவு ஈரம். மூன்றாவதில் பயறு முழுகும்படி தண்ணீர் நிற்கட்டும். செவ்வாய்க்கிழமை ஈரத் துணியில் வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். தண்ணீரில் மூழ்கியவை உப்பி, சில முனை வெடித்து, அதோடு நின்றுவிடும். மூன்றாம் நாள் நுரைத்து நாறத் தொடங்கும். பிள்ளைகள் மோந்து பார்த்து முகத்தைச் சுளிக்கட்டும், பிறகு கொட்டிவிடுங்கள். "தண்ணி நிறைய ஊத்துனா நல்லா வளரும்" என்பதுதான் அவர்கள் எல்லாருடைய ஊகமாகவும் இருந்திருக்கும். விதைக்குத் தண்ணீரோடு காற்றும் வேண்டும் என்பதை அந்த நாற்றமே சொல்லிவிடும்.

பத்துப் பயறில் ஒன்றிரண்டு ஊறாமல் கல் மாதிரி கிடக்கும். அவற்றின் தோல் தண்ணீரை உள்ளே விடவில்லை. அவற்றைத் தூக்கி எறியாமல் எண்ணச் சொல்லுங்கள்: எட்டு முளைத்தது, இரண்டு முளைக்கவில்லை. இன்னொன்று, டீச்சர்கள் அடிக்கடி ஏமாறும் இடம்: வேரின் மேல் வெள்ளையாகப் பூனை முடி மாதிரி படர்ந்திருந்தால் பூஞ்சை என்று நினைத்துக் கொட்டிவிடுகிறார்கள். அது வேர்த்தூவி. வேரில் மட்டும், ஒரே சீராக இருக்கும். தண்ணீர் தெளித்தால் வேரோடு ஒட்டிக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பூஞ்சை சாம்பல் நிறத்தில் விதையின் மேலேயே படரும், வாடையும் அடிக்கும்.

வேர் எப்படிப் போகிறது என்று பார்க்கப் பெரிய விதை வேண்டும். காராமணி, அதாவது தட்டைப்பயறு, அல்லது மொச்சை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டம்ளரின் உட்சுவரை ஒட்டி ஈரத் துணியைச் சுற்றி, நடுவில் காகிதத்தைத் திணித்து, துணிக்கும் சுவருக்கும் இடையில் விதையைச் சொருகுங்கள். வேர் கீழே ஒரு விரல்கடை இறங்கிய பிறகு டம்ளரைப் பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். மறுநாள் வேர் வளைந்து மறுபடி தரையைப் பார்த்துத் திரும்பியிருக்கும். இதைப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

யாராவது ஒரு பிள்ளை "பருப்பு போட்டா முளைக்குமா மிஸ்?" என்று கேட்டால் அன்றைய பாடம் அதுதான். முழுப் பயறு, உடைத்த பாசிப்பருப்பு, நெல், அரிசி, நான்கையும் வையுங்கள். பருப்பும் அரிசியும் முளைக்காது: உடைத்துத் தோல் நீக்கியதிலும், தீட்டியதிலும் முளைக்கருவுக்கு வேலை முடிந்துவிட்டது. நெல்லுக்குப் பொறுமை வேண்டும். ஒரு நாள் ஊறவைத்து, ஈரச் சாக்குத் துணியில் மூட்டை கட்டி இன்னும் ஒன்றிரண்டு நாள் விட வேண்டும், வயலுக்கு விதைநெல் கட்டுவது போலவே. வகுப்பில் விவசாய வீட்டுப் பிள்ளை இருந்தால், அன்றைக்கு அதுதான் டீச்சர்.

"வெயில் இல்லாம விதை முளைக்காது" என்று பல புத்தகங்களின் படம் நினைக்க வைக்கிறது. முளைக்கும். ஊர்த் திருவிழா முளைப்பாரி இருட்டறையில்தான் வளர்கிறது. இரண்டு டம்ளரில் ஒன்றை அலமாரிக்குள் வைத்து ஐந்தாம் நாள் எடுங்கள். இருட்டில் இருந்தது இன்னும் உயரமாக, வெளிர் மஞ்சளாக, துவண்டு நிற்கும். வெளிச்சத்தில் இருந்தது குட்டையாக, பச்சையாக இருக்கும். "எது நல்லா வளர்ந்திருக்கு?" என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரியட்டும். மஞ்சள் செடியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

நிழலைப் பற்றிச் சுருக்கமாக. மைதானத்தில் பிள்ளையை நிற்க வைத்து, முதலில் பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள், பிறகு நிழலைச் சுற்றி. பாதத்தை மறந்துவிட்டால் அடுத்த முறை வேறு இடத்தில் நிற்பார்கள், ஒப்பிட முடியாது. காலை 9.30, நண்பகல் 12, மாலை 3 என்று மூன்று முறை போதும். தமிழ்நாடு முழுவதும் கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால் ஆண்டுக்கு இரண்டு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் அது வரும். ஆகஸ்டில் பள்ளி இருக்கும், மேகம் விட்டால் பார்க்கலாம். வகுப்புக்குள் நிழல் விளையாட்டு என்றால் செல்போன் டார்ச் நல்லது. டியூப்லைட் நீளமாக இருப்பதால் நிழலின் ஓரம் கலங்கும். ஒரே புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம்தான் கூர்மையான நிழல் தரும். சூரியனை நேராகப் பார்க்கக்கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடிக்கு மேல் காத்திருந்தபோது பிள்ளைகளின் பதில் நீண்டது, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொள்ளுங்கள். "ஏன்" என்ற கேள்வியைக் குறையுங்கள். அந்த வயதுக்கு அது பரீட்சை மாதிரி இருக்கிறது, "கடவுள் அப்படிச் செஞ்சார்" என்று முடித்துவிடுவார்கள். "என்ன பார்த்த?", "இதை மாத்திப் போட்டா என்ன ஆகும்?" என்பவை வேலை செய்யும். ஆங்கில வழிப் பள்ளியாக இருந்தாலும் முதல் பேச்சு வீட்டு மொழியில் இருக்கட்டும். "ஃப்ளோட்", "சிங்க்" என்ற சொற்களைப் பார்த்து முடித்த பிறகு கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும். முதலிலேயே கொடுத்தால் வெறும் ஒப்பித்தல்தான்.

சிலவற்றை இப்போது சொல்லித்தர வேண்டாம். பூமி உருண்டை என்பது அதில் முதலாவது. 1992-ல் ஸ்டெல்லா வொஸ்னியாடூ, வில்லியம் புரூவர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்கத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் விரிவாகக் கேட்டபோது, "உருண்டை" என்று சொன்னவர்களிலேயே சிலர் தட்டு மாதிரி வட்டமான பூமியையும், சிலர் உள்ளே மனிதர்கள் வாழும் குடைந்த பந்தையும் மனதில் வைத்திருந்தார்கள். அவர்கள் நம் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள். அதேபோல் "சூரியன் தூங்கப் போயிடுச்சு" என்று பாட்டுக்காகச் சொல்வதும் வேண்டாம், பின்னால் அழித்து எழுத வேண்டிவரும்.

பாதுகாப்பில் சமரசம் கிடையாது. தண்ணீர்த் தொட்டியை ஒரு நிமிடம்கூட ஆள் இல்லாமல் விடாதீர்கள், பாடம் முடிந்த உடனே கொட்டிவிடுங்கள். விதைகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். மூக்கில் போன பயறு ஊறி உப்பிவிடும். அப்படி நடந்தால் நீங்களே எடுக்க முயலாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். குன்றிமணி அழகாக இருக்கிறது என்று எண்ணிப் பழகக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது கடும் விஷம். ஆமணக்கு விதையும் அரளியின் எந்தப் பாகமும் வகுப்புக்குள் வரக்கூடாது. காந்தம் கற்றுத்தரும்போது சட்டை பட்டன் அளவு சின்னக் காந்தங்களைத் தவிர்த்து, வாயில் நுழையாத பெரிய காந்தமாக வாங்குங்கள். இரண்டு சின்னக் காந்தங்களை விழுங்கிவிட்டால் அவை குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் பிடித்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டையாக்கிவிடும்.

பெற்றோர் நோட்டு கேட்பார்கள், நிர்வாகமும் கேட்கும். அதற்கு இப்படிச் செய்யுங்கள். ஒரு தாளை நாலாக மடித்து, திங்கள், செவ்வாய், புதன், வெள்ளி என்று நாலு கட்டத்திலும் பிள்ளை தான் பார்த்த பயறை வரையட்டும். கீழே பிள்ளை சொன்ன வாக்கியத்தை, சொன்ன சொல் மாறாமல், நீங்கள் எழுதுங்கள்: "வால் வந்துச்சு." "சட்டையைக் கழட்டுது." விதைத்தோல் உரிவதற்கு இதைவிடத் துல்லியமான வர்ணனை இல்லை, திருத்தாதீர்கள். முளைத்த பயறைச் சிரட்டையில் மண் போட்டு நட்டு, அந்தத் தாளோடு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புங்கள். சிரட்டையின் அடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட மறக்காதீர்கள். இல்லையென்றால் திங்கட்கிழமைக்குள் அதுவும் மூன்றாவது டம்ளர் மாதிரி நாறிவிடும். அப்படி நாறினாலும் காரணத்தை வீட்டில் சொல்ல அந்தப் பிள்ளைக்கு இப்போது தெரியும்.